வரப்பில் நின்றபடி பாம்பு விஷத்தைப் படிப்பது எப்படி

ஆற்றில் தண்ணீர் திறந்து அது கடைமடை வாய்க்கால் வரைக்கும் வந்து சேர்கிற வாரத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் கொஞ்சம் கீழே பார்த்துதான் நடப்பார்கள். வளைகளில் தண்ணீர் ஏறியதும் எலி மேட்டுக்கு ஓடும், எலி ஓடுகிற பக்கம் பாம்பும் வரும், அதே வரப்பில்தான் நாமும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போவோம். பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் "பாம்பு" என்று சொல்ல மாட்டார்கள். "பூச்சி" என்பார்கள், நல்ல பாம்பாக இருந்தால் "நல்லது" என்பார்கள். பெயரையே சொல்லக் கூடாது என்று வளர்ந்ததாலோ என்னவோ, தினமும் பார்க்கிற இந்த உயிரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ரொம்பக் குறைவு.

பாம்பு விஷம் எங்கிருந்து வந்தது, எப்படி மாறிக்கொண்டே இருக்கிறது, ஒரு வயலில் எத்தனை உயிர்களை அது தொடுகிறது என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமல் நம் வரப்பில் நின்றே கற்றுக்கொள்ளலாம். வழி ஒன்றுதான்: பாம்பைப் பார்த்தால் அதன் இரையையும் சேர்த்துப் பாருங்கள். எதைத் தின்கிறதோ அதை வீழ்த்துவதற்கு ஏற்ற விஷம்தான் அதன் வாயில் இருக்கும். மலேயாக் குழிவிரியனை வைத்து 1996-ல் வெளியான ஒரு ஆய்வு இதைத்தான் சொன்னது. ஊருக்கு ஊர் அந்தப் பாம்பின் விஷம் மாறியிருந்தது, அந்த மாற்றம் ஊருக்கு ஊர் அது தின்ற இரையோடு பொருந்திப் போனது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஒரே வேலி நிலத்துக்குள் நான்கைந்து விதமான விஷம் இருக்கிறது.

முதலில் தயாராவது. முழங்காலுக்குக் கீழே வரை மூடும் ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச், தரையைத் தட்டி நடக்க ஒரு கம்பு, ஜூம் வருகிற போன், ஒரு நோட்டு. கம்பு தட்டுவதற்கு மட்டும்தான், பாம்பைப் புரட்டவோ தூக்கவோ வேண்டாம். பாம்பைக் கண்டால் அதன் நீளத்தைப்போல மூன்று மடங்காவது தள்ளி நில்லுங்கள், அது போகிற வழியை மறிக்காதீர்கள். பிடிக்கவே கூடாது. அடிபட்டுச் செத்துக் கிடந்தாலும் தலைப் பக்கம் கை கொண்டு போகாதீர்கள், தலை துண்டான பிறகும் கொஞ்ச நேரம் கடிக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் கூட வருகிற பையன்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பாம்பைத் தேடாதீர்கள், சட்டையைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். சட்டை கடிக்காது, ஓடாது, பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயத்தையெல்லாம் காட்டும். வைக்கோல் போரின் அடி, பம்புசெட் கொட்டகையின் செங்கல் இடுக்கு, பழைய மதகின் கல் சந்து, புற்று ஓரம் என்று பாருங்கள். கையை விடாமல் கம்பால் இழுத்து எடுங்கள்.

போன தை மாதம் எங்கள் பம்புசெட் சுவரோரம் ஒரு முழுச் சட்டை கிடைத்தது. உரித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும், இன்னும் ஈரம் காயவில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கண் இருந்த இடத்தில் சின்னக் கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒரு மூடி. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கிற அந்தச் செதிலும் சட்டையோடு சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் முதுகைப் பார்த்தேன். நடு முதுகில் தலையிலிருந்து வால்வரை ஓடுகிற ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்தில் இருப்பவற்றைவிடப் பெரிதாக, தேன்கூட்டு அறை மாதிரி ஆறு மூலையோடு இருந்தது. அது கட்டுவிரியனின் அடையாளம். அந்தக் கொட்டகைத் தரையில்தான் நான் பல ராத்திரி பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். அன்றைக்கே கயிற்றுக் கட்டில் கொண்டுபோய்ப் போட்டேன்.

சட்டையை விரலால் தடவியும் பாருங்கள். கண்ணாடி விரியன் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முகடு ஓடும், அதனால் சொரசொரவென்று இருக்கும். நல்ல பாம்பின் சட்டை வழவழவென்று இருக்கும், கழுத்துப் பக்கம் கொஞ்சம் அகன்று தெரியும். நீர்க்கோலியின் சட்டையும் சொரசொரப்புதான், ஆனால் உடம்பு ஒல்லி. ஆறேழு அடிக்கு நீண்டு கிடந்தால் பெரும்பாலும் சாரை. உரியும்போது இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகவே இருக்கும், அதைப் பார்த்து ஊரில் பன்னிரண்டடி நாகம் இருக்கிறதென்று கிளப்பி விடாதீர்கள்.

இரையை எழுதி வையுங்கள்

நோட்டில் எழுத வேண்டியது: எந்தப் பாம்பு, வாயில் என்ன, எப்படிப் பிடித்தது. கடைசிக் கேள்வியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் அதில்தான் விஷத்தின் கதையே இருக்கிறது.

நெல் அடித்து முடித்த களத்தின் ஓரத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கண்ணாடி விரியன் எலியை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். கண் இமைப்பதற்குள் கொத்தியது, உடனே விட்டுவிட்டது. எலி பத்தடி தூரம் ஓடியது. பாம்பு அவசரமே படவில்லை. நாக்கை நீட்டி நீட்டித் தரையை மோந்துகொண்டு எலி போன வழியிலேயே மெதுவாகப் போனது. வளர்ந்த எலிக்கு உளி மாதிரிப் பல், பிடித்துக்கொண்டே இருந்தால் பாம்பின் கண்ணையோ முகத்தையோ கிழித்துவிடும். அதனால் கொத்தி விட்டுவிடுவதுதான் விரியனுக்குப் பாதுகாப்பு. அப்படி விட்டால் இரை தூரம் போவதற்குள் விழ வேண்டும். அதற்கான ஏற்பாடு விஷத்தில் இருக்கிறது. இரத்தம் உறைவதற்கு நம் உடம்பில் வரிசையாக வேலை செய்கிற புரதங்களில் ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணிட்ட இரண்டைக் கண்ணாடி விரியன் விஷம் நேராகக் கிளப்பிவிடும். எலியின் சின்ன உடம்பில் இரத்தம் உள்ளேயே உறைந்து அது சாய்ந்துவிடும். மனிதனின் பெரிய உடம்பில் உறைய வைக்கும் சரக்கெல்லாம் வீணாகத் தீர்ந்துபோய், அப்புறம் உறையவே மாட்டேன் என்கிற நிலைக்கு இரத்தம் போகும். ஈறில், சிறுநீரில் எல்லாம் இரத்தம் வருவதும் சிறுநீரகம் கெடுவதும் இதனால்தான். எலிக்குச் செய்த மருந்து நம் உடம்பில் இப்படி வேலை செய்கிறது. கொத்திவிட்ட எலியைப் பாம்பு எப்படிச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பதற்கும் விஷத்திலேயே விடை இருக்கலாம். அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பில் செய்த சோதனையில், விஷத்தில் உள்ள ஒரு வகைப் புரதத்தின் வாசனையை வைத்தே அது தான் கடித்த எலியைக் கடிக்காத எலியிலிருந்து பிரித்து அறிந்தது.

கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டி போடும், ஒரு ஈற்றில் இருபது முப்பது சாதாரணம். அந்தக் குட்டிகளால் பெருச்சாளியை விழுங்க முடியாது, ஓணான், அரணை, பல்லி என்று ஆரம்பிக்கும். இரை மாறும்போது விஷத்தின் கலவையும் வயதோடு மாறுகிறது. "குட்டிதானே" என்று அலட்சியம் வேண்டாம், பிறந்த அன்றைக்கே அதற்கு விஷம் உண்டு.

நல்ல பாம்பு வேறு மாதிரி. எலி, தவளை, தேரை, கோழிக்குஞ்சு, மற்ற பாம்பு என்று எதையும் விடாது. கொத்திப் பிடித்தால் பெரும்பாலும் விடாமல் மெல்லும். அதன் விஷத்தில் மூன்று விரலை நீட்டிய கை மாதிரி வடிவம் கொண்ட சின்னப் புரதங்கள் நிறைய. நரம்பு சொல்கிற செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் வாசலில் போய் அவை அடைத்துக்கொள்ளும், செய்தி வராத தசை தளர்ந்துபோகும், மூச்சு விடுகிற தசையும் அதில் ஒன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில புரதங்கள் செல்லைக் கிழிக்கும், கடிபட்ட இடம் வீங்கி அழுகுவது அதனால்தான்.

கட்டுவிரியனின் முக்கியமான இரை மற்ற பாம்புகள். ஓலைப் பாம்பு, நீர்க்கோலிக் குட்டி, சில நேரம் தன் இனத்தையே தின்னும், கூடவே பல்லி, சுண்டெலி. அதன் விஷம் வாசலை அடைப்பதோடு நிற்பதில்லை, செய்தியை அனுப்புகிற நரம்பு நுனியையே அழிக்கிறது. அடைத்த கதவைத் திறக்கலாம், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டத்தானே வேண்டும், அதனால்தான் கட்டுவிரியன் கடித்தவர்கள் எழுந்திருக்க நாள் ஆகிறது.

விஷம் தேவைப்படாத பாம்புகளையும் எழுதுங்கள், அவை இல்லாமல் கதை முழுமையாகாது. நீர்க்கோலி தவளையை உயிரோடு அப்படியே விழுங்கிவிடும், தவளை திருப்பிக் கடிக்கப் போவதில்லை. சாரை எலியைத் தரையோடு உடம்பால் அழுத்திக் கொல்லும், வேகத்தை நம்பிப் பிழைக்கிற பாம்பு அது. (சாரையும் நாகமும் பின்னிக்கொள்ளும் என்பார்களே, அது இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். நாகத்துக்கு அதில் வேலை இல்லை.) கண்கொத்தி என்று பழி சுமக்கிற பச்சைப் பாம்புக்கும், ராத்திரியில் திரிகிற பூனைப் பாம்புக்கும் வாயின் பின்பக்கம் மட்டும் விஷப்பல் உண்டு, அந்த விஷம் பல்லிக்கும் தவளைக்கும் போதும், மனித உயிருக்கு ஆபத்தில்லை. பூனைப் பாம்பின் உறவான மரப்பாம்புகளில் இன்னும் நுட்பமான விஷயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றின் ஒரு நச்சு பறவையையும் பல்லியையும் சட்டென்று சாய்க்கும், அதே அளவு எலிக்குக் கொடுத்தால் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. சுருட்டை விரியனை நம் ஈர வயலில் அதிகம் பார்க்க மாட்டீர்கள், அது காய்ந்த நிலத்துக்காரன். அந்தக் கூட்டத்தில் தேள் அதிகம் தின்கிற இனங்களின் விஷம் தேளை மற்றவற்றைவிடச் சுலபமாகக் கொல்கிறது என்று 2009-ல் காட்டியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலையில் மாட்டும் வலக்கடியன் என்ற கடல் பாம்பு, நல்ல பாம்பின் குடும்பத்திலிருந்து கடலுக்குப் போன கிளை. கெளுத்தியும் பேத்தையும் அதன் சாப்பாடு. கடலில் கடித்துவிட்டுத் தடம் மோந்து போக முடியாது, மீன் தப்பினால் தப்பியதுதான், அதனால் உடனே முடக்கும் நரம்பு விஷம்தான் அதில் பிரதானம். அந்தத் தமிழ்ப் பெயரையே ஒரு காலத்தில் அறிவியல் பெயராகவும் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற தகவல். ஆஸ்திரேலியக் கடல் பக்கம் இருக்கிற அதன் உறவுப் பாம்பு ஒன்று மீன் முட்டைகளைத் தின்னப் பழகிவிட்டது. முட்டை ஓடவா போகிறது? அதன் நச்சு மரபணு சிதைந்து, விஷம் வலுவிழந்து, விஷப்பல்லும் சிறுத்துப் போயிருக்கிறது.

விதைநெல்லும் விஷமும்

சரி, இந்த விஷம் முதலில் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை. கண்ணுக்குப் பின்னால் மேல்தாடையில் இருக்கிற விஷப்பை, வாய்ச் சுரப்பி ஒன்று மாறி வந்தது. அதில் ஊறும் நச்சுகள் பெரும்பாலும் உடம்பில் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதங்களின் சொந்தங்கள். கொழுப்பைச் செரிக்க வைக்கும் ஒரு நொதியின் உறவு விரியனிடமும் நாகத்திடமும் நச்சாக இருக்கிறது, செல்களின் மேல் ஒட்டி வேலை செய்யும் ஒரு புரதத்தின் உறவு அந்த மூன்று விரல் நச்சு.

நல்லதாக இருந்த புரதம் எப்படி நஞ்சானது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். விதைநெல்லை யாரும் சோதனைக்கு எடுக்க மாட்டார்கள், அது குதிரில் பத்திரமாக இருக்கும். கூடுதலாக ஒரு மரக்கால் விதை கையில் இருந்தால்தான் "பள்ளத்தில் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்" என்று தைரியம் வரும். மரபணுவிலும் அப்படித்தான். செல் பிரியும்போது சில நேரம் ஒரு மரபணு தவறுதலாக இரண்டு படியாக, அதாவது இரண்டு நகலாக, ஆகிவிடும். ஒரு படி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று மாறினாலும் உடம்புக்கு நஷ்டம் இல்லை. அந்த உபரிப் படி மாறி மாறி, எச்சிலில் கலந்து, இரையை ஒரு நொடி முன்னதாகச் சாய்த்தால் அந்தப் பாம்பு அன்றைக்குச் சாப்பிடும், குட்டி போடும், அந்த மாற்றம் குட்டிக்கும் போகும். அப்புறம் அந்தப் படியே நான்காக, எட்டாகப் பெருகும். பள்ளக்காலுக்குக் காட்டுயானம், மேட்டுக்கு வேறு என்று நெல் பிரிந்த மாதிரி எலிக்கு ஒன்று, பல்லிக்கு ஒன்று என்று பிரியும். ஒரு வித்தியாசம், நெல்லில் கை வைத்துத் தேர்ந்தெடுத்தது நம் பாட்டன்மார், பாம்பில் தேர்ந்தெடுத்தது பசி.

2020-ல் நம் நல்ல பாம்பின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்து வெளியிட்டார்கள், இந்திய ஆய்வாளர்கள் முன்னின்று செய்த வேலை அது. நச்சோடு தொடர்புடைய 139 மரபணுக்கள், 33 குடும்பங்கள், அதில் விஷச் சுரப்பியில் மட்டுமே வேலை செய்பவை 19 என்று கணக்குச் சொன்னார்கள். அந்தப் பத்தொன்பதைக் குறிவைத்துத் தடுத்தால் இன்னும் நல்ல விஷமுறிவு மருந்து செய்யலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்ததுதான்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்

பாம்பு மட்டும் மாறவில்லை. கீரிக்கும் நாகத்துக்கும் சண்டை என்றால் "கீரி கீரிப்பூண்டைத் தின்றுவிட்டு வரும், அதனால் விஷம் ஏறாது" என்று எங்கள் பாட்டி சொல்வார். பூண்டு இல்லை, கீரியின் தசையில்தான் ரகசியம். நாகத்தின் நச்சு வந்து அடைக்கிற அந்த வாசல் இருக்கிறதே, கீரிக்கு அந்த இடத்தில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டு நச்சை உட்கார விடாமல் தடுக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் நல்ல பாம்பின் சொந்தத் தசையிலும் இதே மாதிரிப் பூட்டு இருக்கிறது, இல்லாவிட்டால் தன் விஷம் தனக்கே எமன். பன்றியும் முள்ளெலியும் வேறு வழியில், அந்த வாசலாக இருக்கிற புரதச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றிக்கொண்டு இதே பாதுகாப்பைப் பெற்றிருக்கின்றன. தனித்தனியாகப் போன இத்தனை உயிர்கள் ஒரே கதவுக்குத் தனித்தனித் தாழ்ப்பாள் போட்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மேனி சிலிர்க்கும்.

கலிபோர்னியாவில் தரையணில் இருக்கிறது, அங்கிருக்கிற கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தை அது ஓரளவு தாங்கும். அணில் தாங்கத் தாங்கப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எந்த உயிர் எந்த ஊரில் யாரோடு வாழ்கிறதோ அதற்கேற்ற பூட்டும் சாவியும். ஒரு ஊரில் அணிலை அழித்தாலும் பாம்பை அழித்தாலும் அந்த ஜோடிக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

விஷம் இல்லாத உயிர்களைக்கூட விஷம் உருவாக்கியிருக்கிறது. ஓலைப் பாம்பைப் பாருங்கள், சுவர் இடுக்கில் பல்லி தேடித் திரிகிற அப்பாவி. கட்டுவிரியனைப் போலவே உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்து பயந்து விலகுகிற எதிரியால்தான் அது பிழைக்கிறது. மனிதன் மட்டும் விலகாமல் அடிக்கிறான். வித்தியாசம் இதுதான்: ஓலைப் பாம்புக்குக் கோடுகள் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் கோடு இருக்காது அல்லது லேசாக இருக்கும், பின்னால் போகப் போக மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெளிவாகும், உடம்பு கறுத்துப் பளபளக்கும். சந்தேகமாக இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். மண்ணுளிப் பாம்புக்கும் விஷம் கிடையாது, வாலைத் தலை மாதிரிக் காட்டி ஏமாற்றுவதால் இருதலை மணியன் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயராலேயே கடத்தல்காரர்கள் கையில் சிக்குகிறது. அதன் அறிவியல் பெயரில் இருக்கிற ஜான், நம் தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்து உயிரினங்களைச் சேகரித்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்.

பாம்பு குறைந்தால் எலி பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அது பாதிக் கதைதான். மீதி, பாம்பு எதனால் குறைகிறது என்பது. பனாமாவில் எல் கோபே என்ற காட்டில் 2004-ல் ஒரு பூஞ்சை நோய் வந்து தவளைகள் கொத்தாகச் செத்தன. அதற்குப் பிறகு அங்கே பாம்பு வகைகளும் குறைந்துவிட்டன என்று பல வருடக் கணக்கெடுப்பை வைத்து 2020-ல் எழுதினார்கள். நம் நாற்றங்காலில் இந்த மழைக்கு எத்தனை தவளை கத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். தவளையை மருந்தடித்துத் தொலைத்துவிட்டால் நீர்க்கோலி போகும், நீர்க்கோலிக் குட்டியைத் தின்கிற கட்டுவிரியன் வேறு இரை தேடி வீட்டுப் பக்கம் பல்லியும் சுண்டெலியும் பிடிக்க வரும்.

கடித்துவிட்டால்

இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆவணி மாதம் எங்கள் சித்தப்பா ஆளோடியில் தரையில் படுத்திருந்தார். விடிகாலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்றார். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். ஆறு மணிக்குக் கடையில் வாயு மாத்திரை வாங்கி வந்தோம். ஏழரைக்குக் கண்ணிமை இரண்டும் கீழே தொங்குகிறது, திறக்க முடியவில்லை என்றார், பேச்சு குழறியது. உடம்பில் கடிவாய் எங்கேயும் தெரியவில்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. அம்மாதான் "இது பூச்சி தீண்டினதுடா, கிளப்பு வண்டிய" என்று கத்தினார். நான்கு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்து பிழைத்து வந்தார். கட்டுவிரியன் கடி இப்படித்தான், எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்கினால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

கடித்ததும் உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கோழியை வைப்பது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள், அது வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கடித்த நேரத்தை எழுதிக் கொடுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. மருத்துவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார், உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எலிக்காக உருவான அந்தப் புரதத்தின் வேலையைத்தான் அந்தக் குழாயில் பார்க்கிறீர்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் "தஞ்சாவூர் மாத்திரை" என்று பாம்புக்கடிக்கு ஒரு மருந்து வெள்ளைக்காரர்கள் வரைக்கும் புகழ் பெற்றிருந்தது. அதில் இருந்தது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். விஷத்துக்கு விஷம் என்ற அந்தக் காலத்திலிருந்து இன்றைக்கு ரொம்ப தூரம் வந்திருக்கிறோம், ஆனாலும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், வருடத்துக்கு 58,000. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது நல்ல காரியம், எந்த ஊரில் எந்த மருந்து தேவை என்று இனிமேலாவது கணக்கு வரும்.

இந்த மருந்திலும் விஷத்தின் பரிணாமம் ஒளிந்திருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இங்கே எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து நாட்டின் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, ஏனென்றால் ஒரே இனமாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தைப் படித்ததிலிருந்துதான் கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை பிறந்தது, 1981-லிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது. சுருட்டை விரியன் விஷத்தைப் பார்த்துச் செய்த டைரோஃபிபன் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் வரப்பில் அடித்துக் கொன்று கருவேலத்தில் தொங்கவிடுகிற பாம்பின் வாயில் எந்தக் குறிப்பு எழுதியிருக்கிறது என்று இன்னும் முழுசாகப் படித்து முடிக்கவில்லை.

வயலில் என்ன செய்யலாம்

எலிக்கு புரோமாடியோலோன் விஷக் கேக் வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதைத் தின்று தள்ளாடுகிற எலியைப் பாம்பும் ஆந்தையும் பிடித்துத் தின்கின்றன. மூங்கிலில் செய்கிற தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறி போதும், கூடவே ஆந்தை உட்கார வயலில் ஆங்காங்கே குச்சி நட்டு வையுங்கள். காய்கறிக்கு மயில் வராமல் இருக்க நைலான் வலை கட்டினால் அடிப்பக்கம் தரையில் புரளும்படி விடாதீர்கள், சாரை அதில் மாட்டி இரண்டு நாள் துடித்துச் சாகும். நான் கத்திரியால் வெட்டி விடுவித்த சாரையின் கழுத்தில் நூல் பதிந்து சதைக்குள் போயிருந்தது. அறுவடை மெஷின் விடும்போது நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டு போய் முடிக்காமல், ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் புதர் இருக்கிற வரப்பு நோக்கிப் போகச் சொல்லுங்கள், உள்ளே இருப்பவை தப்பிக்க வழி கிடைக்கும், கடைசிக் கட்டு அள்ளுகிறவர் காலுக்கும் அது பாதுகாப்பு. நிலத்தின் ஒரு மூலையில் திடல் இருந்தால் சமன் செய்யாதீர்கள், புற்று அங்கேயே இருக்கட்டும், பாலும் முட்டையும் ஊற்றாமல். வீட்டைச் சுற்றி மட்டும் செங்கல், விறகு, ஓட்டுக் குவியல் சேர விடாதீர்கள், கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகுங்கள்.

நோட்டை ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் தொடர்ந்து எழுதினாலே உங்கள் நிலத்தில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று ஒரு படம் கிடைத்துவிடும். என் நோட்டில் கடைசியாக இருக்கிற வரி: மாலை 6.40, தெற்கு வாய்க்கால் மதகு, நீர்க்கோலி, வாயில் கெண்டைக் குஞ்சு, மேலே மடைப் பலகையில் கீரி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.